ஏழு லேயரை மனப்பாடம் செய்தால் நெட்வொர்க்கிங் வந்துவிடுமா?

இன்டர்வியூவுக்கு வந்த ஃப்ரெஷரிடம், "ஓ.எஸ்.ஐ. மாடலில் எத்தனை லேயர்?" என்று கேட்டுப் பாருங்கள். "ஏழு சார்... பிசிக்கல், டேட்டா லிங்க், நெட்வொர்க்..." என்று கடகடவென ஒப்பித்துவிடுவார். "சரி, பிரவுசர்ல ஒரு வெப்சைட் பேரை டைப் பண்ணி என்டர் தட்டினா என்ன நடக்கும்?" என்று கேட்டால், பல பேர் அங்கேதான் திணறுகிறார்கள். 'நமக்கு நெட்வொர்க்கிங் வராதுப்பா' என்று அவர்களாகவே முடிவு கட்டி ஒதுங்கியும் விடுகிறார்கள்.

குறை பெரும்பாலும் அவர்களிடம் இல்லை. படித்த கையேட்டின் வரிசையில் இருக்கிறது.

முதல் பக்கத்தில் ஏன் ஏழு லேயர்?

ஓ.எஸ்.ஐ. மாடலை ஐ.எஸ்.ஓ. அமைப்பு வெளியிட்டது 1984-ல். அதற்கு முந்தைய ஆண்டே, 1983 ஜனவரி 1-ம் தேதி, இன்டர்நெட்டின் முன்னோடியான ஆர்பாநெட், டி.சி.பி./ஐ.பி. முறைக்கு மாறிவிட்டது. இன்றைக்கு நம் போனில் ஓடுவதும் அதன் வாரிசுதான்.

அதற்காக ஓ.எஸ்.ஐ.யைத் தூக்கிப் போட முடியாது. 'லேயர் 2 ஸ்விட்ச்', 'இது லேயர் 3 பிரச்சினை' என்று ஆபீஸில் இப்போதும் பேசுகிறார்கள். ஆனால் பொருளைப் பார்ப்பதற்கு முன்பே பெயர்ப் பட்டியலைக் கையில் கொடுத்தால், பட்டியல் மட்டும்தான் மனதில் நிற்கும். கிளாஸ் ஏ, பி, சி முகவரிகள் கதையும் இதேதான். அந்த முறைக்கு மாற்றாக சி.ஐ.டி.ஆர். வந்தது 1993-ல். இன்னமும் அதையே முதல் பாடமாக நடத்தும் கையேடுகள் இருக்கின்றன. அதை மட்டும் படித்தவர் கிளவுட் வேலையில் '/26' என்பதைப் பார்த்ததும் முழிக்கிறார்.

கையில் இருக்கும் போனிலிருந்து...

நல்ல கையேடு எங்கே தொடங்கலாம்? வாசகரின் போனிலேயே. வைஃபை செட்டிங்ஸில், இணைந்திருக்கும் நெட்வொர்க்கைத் தொட்டால் 192.168 என்று தொடங்கும் ஐ.பி. முகவரி பெரும்பாலும் தெரியும். பிறகு கூகுளில் 'என் ஐ.பி. முகவரி என்ன' என்று தேடினால் வேறொரு எண் வரும். ஒரே போனுக்கு ஏன் இரண்டு எண்? இந்தக் கேள்வி வந்துவிட்டால் பாதி பாடம் முடிந்த மாதிரி.

அபார்ட்மென்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு எண். வெளியே தபால்காரருக்குத் தெரிவது ஒரே தெரு முகவரி. எந்த வீட்டிலிருந்து ஆர்டர் போனது என்று கேட் செக்யூரிட்டி நோட்டில் குறித்துவைத்து, பார்சல் வந்ததும் சரியான வீட்டுக்கு அனுப்புகிறார். ரூட்டர் செய்யும் 'நாட்' வேலை இதுதான். பழைய ஐ.பி.வி4 முறையில் இருப்பதே சுமார் 430 கோடி முகவரிகள். உலகத்தில் உள்ள போன், டிவி, கேமரா எல்லாவற்றுக்கும் அது போதாது. அதனால்தான் இந்த ஏற்பாடு.

அடுத்து லேப்டாப்பில் மூன்று பிங். முதலில் ரூட்டருக்கு, பெரும்பாலும் 192.168.1.1. அடுத்து 8.8.8.8, அதாவது கூகுளின் பொது டி.என்.எஸ். சர்வர். கடைசியாக ஏதாவது ஒரு வெப்சைட் பெயருக்கு. முதலாவதே போகவில்லை என்றால் வைஃபையையோ கேபிளையோ பாருங்கள். முதலாவது போய், இரண்டாவது போகவில்லை என்றால் ரூட்டருக்கும் இன்டர்நெட் கம்பெனிக்கும் நடுவில் சிக்கல். இரண்டும் போய், பெயர் மட்டும் போகவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டியது டி.என்.எஸ்.ஸை. கஸ்டமர் கேரில் 'ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க' என்பதற்கு முன்பே இவ்வளவும் தெரிந்துவிடும்.

பல கையேடுகள் சறுக்கும் இடமும் இங்கே இருக்கிறது. 'பிங் வரலைன்னா சர்வர் டவுன்' என்று எழுதிவிடுகிறார்கள். தப்பு. பாதுகாப்புக்காகப் பிங்குக்குப் பதில் சொல்லாமல் இருக்கும் சர்வர்கள் ஏராளம். வெப்சைட் மட்டும் ஜோராக ஓடிக்கொண்டிருக்கும்.

வாட்ஸ்அப் நின்ற இரவு

பாடப்புத்தக உதாரணங்களைவிட 2021 அக்டோபர் 4-ம் தேதி நல்ல பாடம். இந்திய நேரப்படி இரவு 9 மணி தாண்டியதும் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் நின்றுபோயின. போனில் நெட் இருந்தது, மற்ற ஆப்கள் ஓடின. 'நம்ம வைஃபைதான் போச்சு' என்று ரூட்டரை ஆஃப் பண்ணியவர்கள் எத்தனை பேரோ!

நடந்தது இதுதான். பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை, அந்த நிறுவனத்தின் டேட்டா சென்டர்களை இணைக்கும் முதுகெலும்பு நெட்வொர்க்கையே துண்டித்துவிட்டது. தப்பான கட்டளையைத் தடுக்க வேண்டிய மென்பொருளிலும் ஒரு பக். டேட்டா சென்டரோடு பேச முடியாத டி.என்.எஸ். சர்வர்கள், 'எங்களிடம் வர இதுதான் வழி' என்று மற்ற நெட்வொர்க்குகளுக்குச் சொல்லும் பி.ஜி.பி. அறிவிப்புகளை வாபஸ் வாங்கின. பெயரை எண்ணாக மாற்றித்தர ஆளில்லை. உள் அலுவலகக் கருவிகளும் படுத்துவிட, இன்ஜினியர்கள் நேரில் டேட்டா சென்டருக்குப் போக வேண்டியதாயிற்று. சரியாக ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆனது.

ஐ.பி., டி.என்.எஸ்., ரூட்டிங் மூன்றும் ஒரே கதையில் வருகின்றன. ஓ.எஸ்.ஐ. அட்டவணையை இந்த இடத்தில் கொடுத்து, 'எந்த வேலை எந்த லேயர்?' என்று கேட்டால் வாசகரே பொருத்திவிடுவார்.

இது புது யோசனை இல்லை. ஜேம்ஸ் குரோஸ், கீத் ராஸ் எழுதிய பிரபலமான பாடநூல், பயனர் பார்க்கும் அப்ளிகேஷன் லேயரில் தொடங்கித்தான் கீழே இறங்குகிறது. பெயரிலேயே 'டாப்-டவுன்' இருக்கிறது.

கையேடு எழுதுபவர்கள் இன்னொன்றும் செய்யலாம்: பாடத்தின் முடிவில் கேள்வி-பதிலுக்குப் பதிலாக ஒரு 'கெடுத்துப் பார்' பயிற்சி. சொந்த லேப்டாப்பில் டி.என்.எஸ். எண்ணை வேண்டுமென்றே தப்பாக மாற்றச் சொல்லுங்கள். எது ஓடுகிறது, எது நிற்கிறது என்று அவரே எழுதட்டும். அடுத்த பாடத்தில் வயர்ஷார்க். இலவச மென்பொருள்தான். வெப்சைட்டைத் திறக்கும்போது டி.சி.பி.யின் மூன்று கட்டக் கைகுலுக்கல் திரையிலேயே ஓடும். சொந்த நெட்வொர்க்கில் மட்டும், அனுமதி இல்லாமல் ஆபீஸ் நெட்வொர்க்கில் வேண்டாம் என்ற எச்சரிக்கை வரி கட்டாயம் இருக்கட்டும்.

எழுதி முடித்ததும் நெட்வொர்க்கிங் தெரியாத ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படிக்கச் சொல்லுங்கள். நடுவில் விளக்கம் சொல்லாதீர்கள். அவர் எந்த வரியில் நின்று கூகுளைத் திறக்கிறாரோ, திருத்த வேண்டிய வரி அது.