மலைக்குள் இறங்கும் மழை

2016 மே 17 மாலை, கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் சாமசர மலையின் ஒரு பக்கம் பெயர்ந்து இறங்கியது. மண்ணும் பாறையும் நீரும் கலந்த சேறு ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் ஓடி, எலங்கபிட்டிய, சிரிபுர, பல்லேபாகே ஆகிய ஊர்களை மூடியது. இறந்தோரும் காணாமற்போனோரும் நூற்றுக்கு மேல். அதே நாட்களின் மழையில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயன் வீடுகள் புதைந்தன. மறு ஆண்டு மே மாத இறுதியில் இரத்தினபுரி மாவட்டம் இதே துயரத்தைக் கண்டது.

இவற்றை மழையின் கொடுமை என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. ஆனால் இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்வது புதிய செய்தியல்ல. கேட்க வேண்டியது, அந்த மழையை வாங்கும் மண் எப்படிப்பட்டது என்பதே.

கேகாலையும் இரத்தினபுரியும் அடங்கிய சப்ரகமுவ மலைகள் பெரும்பாலும் சார்னோக்கைட், நைஸ், குவார்ட்சைட் போன்ற மிகப் பழைய உருமாறிய பாறைகளால் ஆனவை. குவார்ட்சைட் ஒரு காலத்தில் மணற்கல்லாக இருந்தது. பூமியின் ஆழத்து வெப்பமும் அழுத்தமும் அதை இறுக்கின. வறண்ட மலைநாடுகளில் மணற்கல் உதிர்ந்தால் மெல்லிய, மணல் பாங்கான மண்தான் கிடைக்கும். இங்கே சூடும் ஈரமும் இந்தப் பாறைகளில் படிகம் தவிர்ந்த மற்றத் தாதுக்களைக் கரைத்து களியாக்கிவிடுகின்றன. படிக மணல் மட்டும் அழியாமல் நிற்கிறது. கிடைப்பது மண்ணியலாளர்கள் செம்மஞ்சள் பொட்சோலிக் என்று வகுத்த புளிப்பு மண். தேயிலைக்கு அந்தப் புளிப்பு பிடிக்கும். சாய்வில் அது நிற்பதற்கும் புளிப்புக்கும் தொடர்பில்லை.

மேற்படை நீரை விரைவாக உள்ளே விடும். கீழே களி மிகுந்த படை, அதற்கும் கீழே உடையாத பாறை. நீர் இறங்கிப் பாறையில் முட்டி நிற்கிறது. துளைகளுக்குள் அழுத்தம் ஏறுகிறது. மண் துகள்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றி நிற்க வேண்டிய இடத்தில் நீர் அவற்றைத் தாங்கத் தொடங்கிவிடுகிறது. அதோடு எடையும் கூடுகிறது: 150 மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு ஏக்கர் மீது 600 தொன்னுக்குச் சற்று அதிகமான நீர். அதில் பாதி உள்ளே போனாலும் போதும். ஆகவே மழை விட்ட பின்பும், சில மணி நேரம் கழித்தும் சரிவு வரலாம். வெயிலைக் கண்டதும் வீடு திரும்புவது சரியான கணக்கல்ல.

மலை இறங்குவது இங்கே பழைய வழக்கம். இரத்தினபுரிப் பள்ளத்தாக்குகளில் மாணிக்கச் சுரங்கத்தார் தேடும் ‘இல்லம்’ என்ற சரளைப் படையே, மலைகளிலிருந்து அரிக்கப்பட்டு வந்து படிந்ததுதான். பழைய சரிவுகள் மலையடியில் குவித்த கலவை மண்ணும் அப்படியே. அது ஓரளவு சமதளமாக இருக்கும். பக்கத்தில் ஊற்றோ ஓடையோ இருக்கும். குடியிருக்க நல்ல இடம் என்று தோன்றும். லயன் கட்டியவர்கள் தேடியதும் சமதளமும் தண்ணீரும்தான். இதுவே இந்தக் கட்டுரையின் முதன்மையான எச்சரிக்கை: ஒரு முறை இறங்கிய மண் இறுகாத மண், ஈரம் கூடினால் அது மறுபடியும் இறங்கும். செங்குத்தான பாறை முகம் அச்சமூட்டுகிறது, மெல்லச் சாயும் பச்சை மேடு யாரையும் அச்சுறுத்துவதில்லை.

தோட்டத் தொழிலும் இதில் சேர்கிறது. கான் எனப்படும் வடிகால் வெட்டுவதை ஆள் பற்றாக்குறையால் தள்ளிப்போட்டால், மலையிலிருந்து வெளியேற வேண்டிய நீர் தூர்ந்த கானில் தேங்கி மலைக்குள்ளேயே இறங்கும். விதைத் தேயிலைக்கு ஆணிவேர் உண்டு. தண்டு நட்டு வளர்த்த தேயிலைக்கு அது இல்லை. மறுநடுகைக்காக இறப்பர் மரங்களை வெட்டிய சாய்வில் பழைய வேர்கள் அழுகும், புதிய வேர்கள் இன்னும் ஆழம் போயிராது. அந்தச் சில ஆண்டுகள் மிக மோசமானவை. சமையலறையை நீட்டுவதற்காகப் பின்சுவரை ஒட்டி மலையைச் செங்குத்தாக வெட்டுவது, அடியைப் பிடுங்கிவிட்டு மேலே இருப்பதை நிற்கச் சொல்வது. ஆனால் இதற்கு லயனில் வாழும் குடும்பத்தை மட்டும் குற்றஞ்சாட்டுவது நியாயமல்ல. காணி அவர்களுடையதல்ல, 1992 முதல் பெரும்பாலான தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளிடம் இருக்கிறது, வேறு இடம் கேட்டால் நிர்வாகம்தான் சம்மதிக்க வேண்டும்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கும் அளவுகள் தெளிவானவை. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் என்றால் விழிப்பு. 100 என்றால் எச்சரிக்கை. 150 ஆனாலோ, ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலோ வெளியேற வேண்டும். மழைமானி வேறொரு பள்ளத்தாக்கில் இருக்கும்போது உங்கள் மலையின் மேகம் அதில் பதிவாகாமல் போகலாம். அடியும் வாயும் ஒரே அகலமான நேர்ச்சுவர் டின் ஒன்றை, மரமும் கூரையும் மறைக்காத வெளியில் வைத்து, நாள்தோறும் ஒரே நேரத்தில் அளந்து கொட்டலாம். பதினைந்து சென்டிமீட்டர் நீர் நின்றால் அது 150 மில்லிமீட்டர்.

டின்னில் அவ்வளவு நீர் சேராவிட்டாலும் காத்திருக்கக் கூடாத சில அடையாளங்கள் உண்டு: நிலத்திலோ சுவரிலோ புதிதாக விழுந்த வெடிப்பு, சாயத் தொடங்கிய மரங்களும் கம்பங்களும், திறக்கவோ மூடவோ முடியாமல் இறுகிய கதவு, திடீரெனக் கலங்கிய அல்லது நின்றுபோன ஊற்று. ஊற்று நிற்பதை மழைக்காலத்தில் பலர் நல்லதென்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் உள்ளே நீரின் வழி அடைபட்டிருக்கலாம். இருட்டுவதற்கு முன் வீட்டு வரிசையை விட்டும் ஓடையின் வழியை விட்டும் விலகி, பக்கவாட்டில் போக வேண்டும்.