எல்லா ஊரிலும் 90.4

பரமக்குடி வாசகர் ஒருவர் இரண்டு பக்கத்துக்கு நெருக்கி எழுதிக் கடிதம் போட்டிருக்கிறார். பாம்பனில் மைத்துனர் வீட்டுக்குப் போனவர், அங்கே பண்பலை 90.4-இல் ‘கடல் ஓசை’ வானொலி கேட்டாராம். பிறகு மகளைப் பார்க்கச் சென்னை கோட்டூர்புரம் போயிருக்கிறார். அங்கேயும் 90.4, ஆனால் ஒலித்தது அண்ணா எஃப்.எம். “ரெண்டும் ஒரே கம்பெனியோட கிளையா சார்?” என்று கேட்கிறார்.

கிளையும் இல்லை, கம்பெனியும் இல்லை. இரண்டும் சமுதாய வானொலிகள். வானலை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1995-இல். கல்வி நிறுவனங்கள் வானொலி நடத்தலாம் என்று அரசு இறங்கி வந்தது 2002-இன் கடைசியில். அண்ணா எஃப்.எம். பேசத் தொடங்கியது 2004 பிப்ரவரி 1 அன்று. இந்தியாவில் ஒரு கல்வி நிறுவனம் நடத்திய முதல் சமுதாய வானொலி அதுதான். தொண்டு அமைப்புகளுக்குக் கதவு திறக்க 2006 ஆயிற்று. 2008-இல் தெலங்கானாவின் ஜஹீராபாத் பக்கத்தில் தலித் பெண்களே நடத்தும் சங்கம் ரேடியோ வந்தது. அதுவும் 90.4-தான்! பாம்பனில் ‘கடல் ஓசை’ ஒலிக்கத் தொடங்கியது 2016 ஆகஸ்ட் 15-இல், மீனவர்களுக்கென்றே. அதைத் தொடங்கியவர் பெயர் ஆம்ஸ்ட்ராங் ஃபெர்னாண்டோ. 1933-இல் பண்பலைக்குக் காப்புரிமை வாங்கிய அமெரிக்கரின் பெயரும் ஆம்ஸ்ட்ராங். தற்செயல்தான், ஆனாலும் எனக்கு இதில் ஓர் அற்ப சந்தோஷம்.

சமுதாய வானொலிகளுக்கென்று 90.4, 90.8, 91.2 போன்ற சில எண்களையே ஒதுக்கி, அவற்றையே ஊர் ஊராகத் திரும்பத் திரும்பக் கொடுக்கிறார்கள். மோதிக்கொள்ளாதா? அங்கேதான் பண்பலையின் ஒரு குணம் கைகொடுக்கிறது. வானொலி பற்றி எனக்குப் பிடித்த விஷயங்களில் இதற்குத்தான் முதலிடம்.

மத்திய அலையில் ராத்திரி இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவன் நான். பாட்டு உச்சத்துக்குப் போகும் நேரம் பார்த்து வேறொரு நிலையத்துக்காரர் அடியில் முணுமுணுப்பார். நடுவே ஒரு விசில் ஓடும். அலையின் உயரத்தில் ஒலியை ஏற்றி அனுப்பும் முறை அது. இரண்டு அலைகள் வந்தால் உயரங்கள் கூடிக் கலந்து இரண்டும் காதில் விழும். பண்பலைப் பெட்டி உயரத்தைச் சட்டையே செய்வதில்லை. வருகிற அலையின் தலையை ஒரே மட்டமாகச் சீவிவிட்டு, அது எவ்வளவு வேகமாக ஆடுகிறது என்பதை மட்டும் எண்ணுகிறது. ஒரே எண்ணில் இரண்டு நிலையங்கள் வந்தால், சற்றே வலுத்த அலைதான் அந்த ஆட்டத்தை நடத்தும். இளைத்தது அதில் ஒரு சின்ன நடுக்கமாகக் கரைந்து போகும். வலுத்தவர் பேச்சுத் தெளிவாகக் கேட்கும். இளைத்தவர் இருந்த சுவடே இருக்காது.

எங்கள் கூட்டுக் குடும்ப வீட்டில் திண்ணையில் இருந்தால் பெரியப்பா குரல் மட்டும்தான். அடுக்களைக்குள் போய்விட்டால் பெரியம்மா ராஜ்யம். பெரியப்பா என்று ஒருவர் இருப்பதே மறந்துவிடும். நடுவில் நடையில் மாட்டிக்கொண்டவன் பாடுதான் திண்டாட்டம். “கடைக்குப் போய்...” என்று இவர் ஆரம்பிப்பார், “...கறிவேப்பிலை பறிச்சிட்டு வா” என்று அவர் முடிப்பார். ஒரே எண் கொண்ட இரண்டு ஊர்களுக்கு நடுவில், ஓடுகிற பேருந்தில் பண்பலை கேட்டாலும் இதே கதைதான். குரல்கள் கலக்காது, மாறி மாறித் தாவும்.

அதனால் நிலையங்கள் தள்ளித் தள்ளி இருந்தால் போதும், ஒரே எண் எல்லோருக்கும் சரிப்படும். அவை எல்லை தாண்டாமலிருக்கத்தான் 50 வாட் என்ற கட்டுப்பாடு. நம் வீட்டுப் பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கொடைக்கானல் மலைமேல் உட்கார்ந்திருக்கும் அகில இந்திய வானொலியின் சக்தி 10,000 வாட். சமுதாய வானொலியின் கோபுரமும் 30 மீட்டருக்கு மேல் போகக் கூடாது.

வயலும் தெருவுமாக உள்ள ஊருக்கு இது பொருந்தும். பாம்பனுக்கு? வானொலி அலைக்கும் தொடுவானம் உண்டு. 30 மீட்டர் உச்சியிலிருந்து அது ஏறக்குறைய 22 கிலோமீட்டர். 50 வாட் அதற்கு முன்பே களைத்துவிடும்; பத்து, பதினைந்து கிலோமீட்டர் என்பதே நடைமுறைக் கணக்கு. கரையோர வள்ளங்களுக்கு அது போதும். ஆழம் தேடிப் போகிற விசைப்படகுக்கு, எச்சரிக்கை தேவைப்படும் இடத்தில் இரைச்சல்தான் மிச்சம். துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டும் கரையில் நிற்பவனுக்குத்தானே தெரியும். தென்மேற்கிலிருந்து மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று அறிக்கை வாசிப்பது ஒரு விதம். கச்சான், சோழகம், வாடை என்று காற்றுக்குப் பெயர் தெரிந்தவன் சொல்வது வேறு விதம். காற்றின் பெயர் சொல்லும் அந்தக் குரல் ‘கடல் ஓசை’யிடம் இருந்தும், வயற்காட்டுக்குத் தைத்த சட்டையை அதற்கும் மாட்டியிருக்கிறோம். சொந்தமாகச் செய்தி வாசிக்கவும் கூடாது என்பது விதி. ஊர்க்காரர்களுக்கு ஊர்ச் செய்தியறிக்கை வாசிக்க முடியாத ஊர் வானொலி!

கோபுரத்தின் உயரத்தைக் கூட்டினால் என்ன என்று கேட்கலாம். தனுஷ்கோடியிலிருந்து இலங்கையின் தலைமன்னார் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். அந்தப் பக்கத்து அலைவரிசைகளோடு ஒத்துப்போக வேண்டும் என்பது நியாயமான தயக்கம்தான். ஆனால் வானிலை அதையெல்லாம் பார்ப்பதில்லை. காற்று அசையாத கோடை இரவில், கடலை ஒட்டிக் குளிர்ந்த ஈரக்காற்றும் அதன்மேல் வெதுவெதுப்பான உலர்ந்த காற்றும் அடுக்காகப் படுத்துவிட்டால், அலை நடுவில் ஒரு குழாய்க்குள் போவதுபோல் வளைந்து ஓடும். அன்றைக்கு இலங்கைப் பண்பலை நம் கரையோரத் தேநீர்க் கடையில் உள்ளூர்க்காரர்போல் கணீரென்று பேசும்.

பரமக்குடி நண்பரே, உங்கள் மைத்துனர் அடுத்த முறை கடலுக்குப் போகும்போது ஒரு சின்ன ரேடியோவைக் கையில் கொடுத்தனுப்புங்கள். எந்த இடத்தில் 90.4 நிற்கிறது, அன்று என்ன காற்று, நின்ற பிறகு அதே எண்ணில் வேறு யாராவது பேசினார்களா என்று கேட்டு எழுதுங்கள்.