கிடங்குக் கூரையில் வெளிச்ச ஷீட் மாற்றுவோர் கவனத்திற்கு

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளில் பழைய கிடங்கு வைத்திருக்கும் வணிக அன்பர்கள் ஐப்பசி மழைக்கு முன் கூரையைப் பார்த்துவிட வேண்டும். 2016 டிசம்பர் 12இல் அடித்த வர்தா புயலை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

கூரை ஒழுகினால் சரக்குத்தான் போகும். மாற்ற ஏறுகிற ஆளுக்கு உயிரே போகலாம். வெயிலில் மஞ்சளித்து அழுக்கேறிய பைபர் ஷீட்டும் பக்கத்து ஆஸ்பெஸ்டாஸும் மேலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டையும் நம்பிக் காலை வைக்கக் கூடாது. இரும்புச் சட்டங்களின் குறுக்கே பலகை போட்டு, பெல்ட் மாட்டி, கீழே வலை கட்டிய பிறகே ஏறச் சொல்லுங்கள். "பழகின ஆள்தானே" என்று விட்டுவிடாதீர்கள்.

புதிதாகப் பாலிகார்பனேட் போட்டால், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சுள்ள பக்கம் மேலே இருக்கட்டும். வெயிலில் அது நீளும். ஆகவே ஸ்குரூ துளை சற்றுப் பெரிதாக வேண்டும். இறுக்கி முடுக்கினால் துளையோரம் விரிசல் விட்டு, அங்கேயே ஒழுகத் தொடங்கும்.