ஷெர்வானிக் கடைகளும் சீல் வைப்பு அச்சமும்: தில்லியின் ஷாப்பூர் ஜாட் சொல்லும் கதை

தெற்கு தில்லியில் சிரி கோட்டையை ஒட்டி அமைந்துள்ளது ஷாப்பூர் ஜாட். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலாவுதீன் கில்ஜி எழுப்பிய சிரி நகரத்தின் மதிற்சுவர்ச் சிதிலங்கள் இன்றும் இதன் அருகே காணப்படுகின்றன. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிகளையொட்டி இப்பகுதியில் நிலங்கள் கையகப்படுத்தப்பட்டபோது, விளைநிலத்தை இழந்த கிராமத்தவர்களுக்குக் குடியிருப்புப் பகுதி மட்டுமே மிஞ்சியது. வாடகையே வாழ்வாதாரமானது. அந்த வாடகை வீடுகளில்தான், தலைநகரின் மணமகன்கள் ஷெர்வானி வாங்க வரும் ஆடை வடிவமைப்பாளர்களின் கடைகள் வரிசை கட்டி நிற்கின்றன.

இரு சக்கர வாகனங்கள் இரண்டு எதிரெதிரே வந்தால் நெருக்கடி ஏற்படும் சந்துகள். தலைக்கு மேலே பின்னிக் கிடக்கும் மின்கம்பிகள். அவற்றுக்கு நடுவே கண்ணாடிக் கதவுகளுக்குப் பின்னால் ஜோத்பூர் பாணி பந்த்கலா, லக்னௌவின் சிக்கன் வேலைப்பாடு கொண்ட குர்தா, பனாரஸ் பட்டில் தைத்த ஷெர்வானி, நேரு ஜாக்கெட் எனப் பரவலாக அறியப்படும் கையில்லாத மேலங்கி ஆகியவை காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. வணிக வளாகத்தில் ஒரே அளவில் நூற்றுக்கணக்கில் தொங்கும் சட்டைகளுக்கும் இவற்றுக்கும் வேறுபாடு உண்டு. இங்கு வாடிக்கையாளர் முதலில் துணியைத் தேர்ந்தெடுக்கிறார். பிறகு அளவு எடுக்கப்படுகிறது. அரைகுறையாகத் தைத்த நிலையில் ஒருமுறை போட்டுப் பார்த்துத் திருத்தம் செய்யப்படுகிறது. கனமான ஜர்தோசி வேலைப்பாடு என்றால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த வேலையைச் செய்யும் கைவினைஞர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கம், பிகார், உத்தரப் பிரதேசத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள்.

ஆள் பாதி, ஆடை பாதி என்பது அரசியலுக்கும் பொருந்தும் என்பதைத் தில்லி நன்கறியும். 2015 ஜனவரியில் பிரதமர் நரேந்திர மோடி அணிந்த, அவரது பெயரே கோடுகளாக நெய்யப்பட்ட ஆடை, அடுத்த மாதம் சூரத்தில் ரூ. 4.31 கோடிக்கு ஏலம் போனது. ஆனால், ஆண்களின் ஆடையைத் தைத்து விற்கும் சிறு கடைகளின் அரசியல் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை.

பழைய சிவப்புக் கோடு

ஷாப்பூர் ஜாட்டில் கடைகள் பெருகியதற்குக் காரணம் 'லால் டோரா'. ஆங்கிலேயர் காலத்தில், 1908-ஆம் ஆண்டு வாக்கில், வருவாய்த் துறை வரைபடத்தில் கிராமத்தின் குடியிருப்புப் பகுதியைச் சுற்றிச் சிவப்புக் கோடு வரையப்பட்டது. அந்தக் கோட்டுக்குள் கட்டட விதிகளிலிருந்து நெடுங்காலம் விலக்கு இருந்தது. எனவே கட்டடங்கள் உயர்ந்தன. வாடகை வணிக வளாகங்களைவிடக் குறைவாக இருந்ததால் இளம் வடிவமைப்பாளர்கள் குடியேறினர். ஹௌஸ் காஸ் கிராமத்தின் வளர்ச்சியும் இத்தகையதே.

இந்தச் சலுகையின் மறுபக்கம் பாதுகாப்பின்மை. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், குடியிருப்புப் பகுதிகளில் விதிமீறி இயங்கும் வணிக நிறுவனங்களை மூடி முத்திரையிடுமாறு 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இதைக் கண்காணிக்க பூரே லால், கே.ஜே. ராவ், எஸ்.பி. ஜிங்கன் ஆகியோர் கொண்ட குழு அடுத்த மாதமே அமைக்கப்பட்டது. 2005 பிகார் தேர்தலைக் கண்டிப்புடன் மேற்பார்வையிட்டுப் பெயர் பெற்றவர் ராவ் என்பது குறிப்பிடத்தக்கது. மெஹ்ரௌலி - குர்காவ்ன் சாலையில் இருந்த பெரிய ஆடை வடிவமைப்பாளர்களின் கடைகளும் அக்கால நடவடிக்கையிலிருந்து தப்பவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில், சிறு ஆடைத் தயாரிப்புக் கூடங்கள் நிறைந்த சீலம்பூரில் போராட்டம் வன்முறையாக மாறி, துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் பலியாயின. வசதி படைத்தோரின் கடைகளுக்கு வந்தது பூட்டு. ஏழைத் தையற்காரர்களின் பகுதிக்கு வந்தது குண்டு.

ஒத்திவைப்பே கொள்கையா?

2006-இல் நாடாளுமன்றம் தில்லிக்கென ஒரு சிறப்புச் சட்டத்தை நிறைவேற்றி, ஓராண்டுக்கு நடவடிக்கைகளை நிறுத்தி வைத்தது. 2007 பிப்ரவரியில் வெளியான 2021-க்கான பெருந்திட்டம், அறிவிக்கப்பட்ட சாலைகளில் கட்டணம் செலுத்திக் கடை நடத்த வழி செய்தது. ஆயினும் சிக்கல் தீரவில்லை. 2017 டிசம்பரில் மீண்டும் சீல் வைப்பு தொடங்கியபோது டிஃபன்ஸ் காலனி போன்ற சந்தைகள் பாதிக்கப்பட்டன. 2018 தொடக்கத்தில் வணிகர்கள் கடையடைப்பு நடத்தினர். ஆம் ஆத்மியும் பாஜகவும் ஒருவரையொருவர் சாடின. நிலம் தொடர்பான அதிகாரம் மத்திய அரசிடம், மாநகராட்சி ஒரு கட்சியிடம், தில்லி அரசு வேறொரு கட்சியிடம் என்றிருந்த நிலையில் பொறுப்பைத் தட்டிக்கழிப்பது எல்லோருக்கும் எளிதாக இருந்தது.

ஓராண்டுக்கென வந்த பாதுகாப்பு, அடுத்தடுத்த சட்டங்களால் 2014, 2017, 2020, 2023 என நீண்டது. 2023 டிசம்பரில் நிறைவேறிய திருத்தம், நகர்ப்புற கிராமங்களையும் உள்ளடக்கிய இந்தப் பாதுகாப்பை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்தது. காங்கிரஸ் ஆட்சியிலும் பாஜக ஆட்சியிலும் மாறாத கொள்கை ஒன்று உண்டெனில், அது இந்த ஒத்திவைப்புதான்.

வரியின் பங்கு

இதனிடையே விலைச்சீட்டிலும் மாற்றம் வந்துள்ளது. 2017 ஜூலை முதல் ரூ. 1,000-க்கு மேற்பட்ட ஆடைகளுக்கு 12 சதவீதம் ஜிஎஸ்டி இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல், ரூ. 2,500 வரையிலான ஆடைகளுக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம் என்றானது. ரூ. 2,000 மதிப்புள்ள சட்டைக்கு ரூ. 240 ஆக இருந்த வரி ரூ. 100 ஆகக் குறைந்தது. ரூ. 10,000 மதிப்புள்ள கைவேலைப்பாட்டுக் குர்தாவுக்கோ ரூ. 1,200 ஆக இருந்த வரி ரூ. 1,800 ஆக உயர்ந்தது. தொழிற்சாலைச் சட்டை மலிவாக, கைத்திறன் மிக்க ஆடை விலை கூடியிருக்கிறது. ஆடம்பரத்துக்கு வரி என்பது நியாயமே. ஆனால் ஒரு குர்தாவின் விலையில் பெரும்பங்கு ஊசி பிடிக்கும் கைகளின் உழைப்பு என்னும்போது, அதை ஆடம்பரம் என்று மட்டும் கருத முடியுமா என்பது விவாதத்துக்குரியது.

விதிகளை மீறிய கட்டடங்களை அப்படியே விட்டுவிட வேண்டும் என்று யாரும் கோர முடியாது. குறுகிய சந்தில் தீப்பிடித்தால் தீயணைப்பு வாகனம் நுழைய இடமில்லை. முதலில் பலியாவோர் உள் அறைகளில் தைத்துக் கொண்டிருக்கும் தொழிலாளர்களாகவே இருப்பர். எந்தக் கட்டடம் பாதுகாப்பானது, எது இடிக்கப்பட வேண்டியது, வெளியேற்றப்படுவோருக்கு மாற்று இடம் எது என்பதை வரையறுக்க ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவகாசம் கிடைத்தது. மீண்டும் ஒரு நீட்டிப்புச் சட்டத்துக்குக் கை உயர்த்தும் முன், அந்த அவகாசத்தில் என்ன செய்தோம் என்று விளக்கும் கடமை நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு உண்டு.