'கேஸ்' தொல்லையா? சாப்பிட்ட உடனே படுக்காதீங்க!

சிவகிரி:

தென்காசி மாவட்டம் சிவகிரி பகுதியில் வயல் வேலைக்குப் போகிறவர்கள் பலருக்கும் காலையில் வெறும் வயிற்றில் டீதான். மதியம் அவசர சாப்பாடு. இரவு வயிறு முட்ட பரோட்டா, சால்னா. கை கழுவிய கையோடு படுக்கை. புளிச்ச ஏப்பம், வயிறு உப்புசம், நெஞ்சு எரிச்சல் வர இது போதும்.

காரணம் என்ன?

சாப்பாடு செரிக்க இரைப்பையில் அமிலம் சுரக்கிறது. வயிறு நிறைய சாப்பிட்டு விட்டு படுத்தால், அந்த அமிலம் உணவுக்குழாயில் ஏறி எரிச்சலை கிளப்பும். எண்ணெய் பண்டம் செரிக்க கூடுதல் நேரம் ஆகும்.

தடுப்பது எப்படி?

* தூங்குவதற்கு 2 முதல் 3 மணி நேரம் முன்பே சாப்பிட்டு விடுங்கள்.

* நன்றாக மென்று, வயிறு முட்டாமல் சாப்பிடுங்கள்.

* பீடி, சிகரெட், மது வேண்டாம்.

* உடம்பு வலிக்கு கடையில் மாத்திரை வாங்கி வெறும் வயிற்றில் போடாதீர்கள். இரைப்பை புண்ணாகி விடும்.

உஷார்!

நெஞ்சை அழுத்துற மாதிரி வலி, வியர்வை, மூச்சுத்திணறல், கை அல்லது தாடைக்கு பரவும் வலி வந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். 'வாயுதான்' என்று சோடா குடித்து நேரத்தை வீணாக்காமல் உடனே 108-ஐ கூப்பிடுங்கள். 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்புக்கான முதல் கட்ட மாத்திரைகள் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே தரப்படுகின்றன.