நாக்கை ஏமாற்றும் இலை

சிறுகுறிஞ்சான் என்று ஒரு கொடி உண்டு. "சர்க்கரைக் கொல்லி" என்றும் அதைச் சொல்வார்கள்.

அதன் இலையை மென்று துப்பிவிட்டு, ஒரு சிட்டிகை சர்க்கரையை வாயில் போட்டால் இனிக்காது! மணலைத் தின்பதுபோல் இருக்கும். இலையில் உள்ள அமிலம், நாக்கில் இனிப்பை அறியும் இடத்தை மறைத்துக் கொள்வதே காரணம். சிறிது நேரத்தில் பழைய ருசி திரும்பிவிடும்.

நாக்கில் இனிப்பு மறைகிறது. ரத்தத்திலும் மறையுமா?

22 பேர்

சென்னை ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்து, 1990-ல் முடிவை வெளியிட்டார்கள். சர்க்கரை வியாதி உள்ள 22 பேர், வழக்கமான மாத்திரையோடு இந்த இலையின் சாரத்தையும் ஒன்றரை ஆண்டுக்கு மேல் சாப்பிட்டார்கள். ரத்தத்தில் சர்க்கரை குறைந்தது. அவர்களில் 5 பேர் மாத்திரையை நிறுத்தவும் முடிந்தது.

நல்ல செய்திதான். ஆனால் 22 பேர் என்பது மிகச் சிறிய கணக்கு. அதை வைத்து ஊருக்கெல்லாம் மருந்து சொல்ல முடியாது. மேலும், அவர்கள் வியாதி வந்துவிட்டவர்கள்.

வாசற்படியில் நிற்பவர்கள்

வியாதியின் வாசற்படியில் நிற்பவர்கள் வேறு. வெறும் வயிற்றில் சர்க்கரை அளவு 100 முதல் 125 வரை இருந்தால் அந்த நிலை. குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து 140 முதல் 199 வரை இருந்தாலும் அதே நிலைதான். இவர்கள் திரும்பிப் போகவும் வழி உண்டு.

என்ன வழி?

சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர், வாசற்படியில் நின்ற 531 பேரை வைத்து ஆராய்ந்தார்கள். முடிவு 2006-ல் வெளிவந்தது.

வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில், 3 ஆண்டில் 100-க்கு 55 பேருக்கு வியாதி வந்தது. தினமும் அரை மணி நேரம் நடந்து, சாப்பாட்டையும் திருத்திக் கொண்டவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. மெட்பார்மின் மாத்திரை சாப்பிட்டவர்களில்? சுமார் 40 பேர்!

நடைக்கும் மாத்திரைக்கும் ஏறக்குறைய ஒரே பலன். நடைக்குக் காசு வேண்டாம்!

டாக்டரிடம் மறைக்காதீர்கள்

மாத்திரை சாப்பிடுகிறவர்கள், தாங்களாகவே மூலிகைப் பொடியையும் சேர்த்துக் கொண்டால், சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடலாம். வியர்வை, நடுக்கம், மயக்கம் வரும். எந்தப் பொடி சாப்பிட்டாலும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

"பொடி சாப்பிடுகிறோமே" என்று இன்னொரு லட்டு தின்பதும், சோதனைக்குப் போகாமல் இருப்பதும் அதைவிட ஆபத்து.

இலை, நாக்கை ஏமாற்றும். ரத்தச் சோதனையை ஏமாற்றாது.