குடிநோயிலிருந்து மீள்வோருக்கு ஊரும் பள்ளியும்

குடிநோய்க்கான சிகிச்சை மருத்துவமனையோடு முடிவதில்லை. வீடு திரும்பியவரை மீண்டும் குடிக்க இழுப்பதும் ஊர்தான். விழாமல் தாங்குவதும் ஊர்தான். இதற்கு நான் எடுத்துக்காட்டாகச் சொல்வது மஞ்சக்குடி முகாம்.

சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை, இன்றைய திருவாரூர் மாவட்டத்திலுள்ள மஞ்சக்குடியில் 1989 முதல் சிகிச்சை முகாம்களை நடத்தியது. மருத்துவக் குழு ஊருக்கே வந்தது. நோயாளிகளை அடையாளம் காண்பதிலும், முகாமுக்கு இடமும் உணவும் தருவதிலும், பின்னர் அவர்களைக் கவனித்துக்கொள்வதிலும் ஊரார் கைகொடுத்தனர். குடும்பத்தினரும் ஆலோசனை பெற்றனர்.

இத்தகைய கூட்டுமுயற்சியில் பள்ளிக்கும் பங்குண்டு. தந்தை சிகிச்சையில் இருக்கும் நாள்களில் பிள்ளையின் வருகையையும் படிப்பையும் நாம் கூடுதலாகக் கவனிக்கலாம். குணமடைந்து திரும்பியவரை மற்றப் பெற்றோரைப் போலவே பள்ளிக் கூட்டங்களுக்கு அழைக்கலாம். ‘குடிகாரன் பிள்ளை’ என்ற சொல் வகுப்பறையில் எழாமல் காக்கலாம்.

சிலர் மீண்டும் குடிக்கக்கூடும். அது இந்நோயின் இயல்பு. சிகிச்சையைத் தொடர வேண்டும் என்பதற்கான அறிகுறி. உதவி தேடும் குடும்பத்துக்கு 14446 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணைத் தனியே அழைத்துச் சொல்லுங்கள். பிள்ளையின் முன் வேண்டாம்.